ஓரத்தில் மிச்சம்

அத்தியாயம் 7

ரிப்போர்ட் ஒன்பது ஐந்துக்குக் கைக்கு வந்தது. டாக்டர் கூப்பிட்டபோது மணி பதினொன்று நாற்பது.

அதுவரை உறை பெரியவளின் மடியில் இருந்தது. ஒட்டாத உறை. அவள் பிரிக்கவில்லை.

"பிரிச்சுப் பாரேன்," என்றாள் அம்மா. "ஊருக்கெல்லாம் ரிப்போர்ட் அடிக்கிறே. நம்ம வீட்டு ரிப்போர்ட் மட்டும் கசக்குதா?"

"டாக்டர் படிக்கட்டும்மா."

"டாக்டர் என்ன சொல்வாங்கன்னு எப்பவும் நீதானே முன்னாடியே சொல்லுவே."

பெரியவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பா அம்மாவுக்கு அந்தப் பக்கம், இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த ஜன்னல் திரையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணல் தையல். அவர் கண் அங்கேயே நின்றது.

கட்டி இருப்பது வீட்டுக்குத் தெரிந்து ஐந்து வாரம். கண்டுபிடித்தது அம்மா. அவருடைய கால்சட்டைக்கு இஸ்திரி போட்டபோது இடது கால் வலது காலைவிட அகலமாக இருந்தது. உள்தையலைப் பிரித்து, துணியை விட்டு, மறுபடி தைத்திருந்தார். அதையும் பிரித்து இன்னொரு முறை. ஆடைக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் கட்டிங் மாஸ்டர். வெளியே தெரியாமல் தைப்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. இஸ்திரிப் பெட்டிதான் காட்டிக் கொடுத்தது.

பிறகு ஸ்கேன். போன வாரம் தடித்த ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்தார்கள். அதன் முடிவுதான் உறையில் இருந்தது.

இந்த ஐந்து வாரமும் பெரியவள் ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கட்டியை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில். அப்பா கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிக் காட்டினார். அவள் ஒரு விரலால் அழுத்தினாள்.

"மெத்துனு இருக்கு. நகருது. வலிக்குதா?"

"இல்லை."

"கொழுப்புக் கட்டிப்பா. இது மாதிரி ஒரு நாளைக்குப் பத்து ரிப்போர்ட் அடிக்கிறேன். ஒண்ணும் பண்ணாது."

அம்மா அப்போது அடுக்களையில் இருந்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

*

டாக்டர் பெண். அறுவை சிகிச்சை நிபுணர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு பக்கத்தையும் படித்தார். பிறகு முதல் பக்கத்தை மறுபடி படித்தார்.

"இதுல சில வார்த்தைங்க இருக்கு. ஒவ்வொண்ணா சொல்றேன். புரியலைன்னா நிறுத்துங்க. சும்மா தலையை ஆட்டாதீங்க."

"இவ இருக்கா டாக்டர்," என்றாள் அம்மா. "என் பெரிய பொண்ணு. டாக்டருங்க பேசுறதைக் கேட்டு ரிப்போர்ட் அடிக்கிற வேலை. பத்து வருஷமாச்சு. பாதி வார்த்தை காதுல விழும்போதே முழுசா அடிச்சிடுவா."

"நல்லதாப் போச்சு," என்று டாக்டர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். ஒரு வரியின் கீழ் பேனாவை வைத்தார். "இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

தெரியும். எந்த எழுத்தில் சுண்டுவிரல் தடுமாறும் என்று தெரியும். அதற்கு மூன்று எழுத்துச் சுருக்கம் வைத்திருந்தாள். தட்டினால் முழு வரியும் வந்து விழும். போன செவ்வாய்க்கிழமைகூட விழுந்தது. அகராதியில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"எழுத்து தெரியும் டாக்டர்," என்றாள். "அர்த்தம் தெரியாது."

அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள்.

டாக்டருக்கு இது பழக்கம் போல. மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

"மென்திசு. எலும்பு இல்லாம, உள்ளுறுப்பு இல்லாம உடம்புல மிச்சம் இருக்கிறதெல்லாம் அதுதான். கொழுப்பு, தசை, நரம்போட உறை, ரத்தக் குழாய். சுலபமாப் புரியிற மாதிரி சொன்னா பஞ்சு, துணி, நூல். இதுல வர்ற புற்றுநோய்க்கு சார்க்கோமான்னு பேர். அதுல நிறைய வகை. உங்களுக்கு வந்திருக்கிறது கொழுப்புல வர்ற வகை. லைப்போசார்க்கோமா."

புற்றுநோய் என்ற சொல் வந்தபோது அம்மா கைப்பையின் வாயை மூடினாள். திறந்தாள். மூடினாள்.

"கொழுப்புக் கட்டின்னு சொல்றாங்களே?" என்றார் அப்பா.

"அது வேற. அது லைப்போமா. சாது. நிறைய பேருக்கு வரும், அது பாட்டுக்கு இருக்கும். கஷ்டம் என்னன்னா, தொட்டுப் பார்த்தா சில சமயம் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். மெத்துனு இருக்கும். வலிக்காது."

பெரியவள் கேட்டாள்: "அப்ப எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?"

"அளவு, ஆழம், வளர்ச்சி. அஞ்சு சென்டிமீட்டருக்கு மேல இருக்கா, தசைக்குள்ள இருக்கா, வளருதா. இதுல ஒண்ணு இருந்தாலும் தொட்டுப் பார்த்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. ஸ்கேன், அப்புறம் ஊசி. உங்களுது பதினோரு சென்டிமீட்டர். தசைக்குள்ள."

அவள் அன்று அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

"இந்த நீள வார்த்தை," டாக்டர் பேனாவை மறுபடி அந்த வரிக்குக் கொண்டுபோனார். "கட்டியில ஒரு பகுதி இன்னும் கொழுப்பு மாதிரிதான் இருக்கு. இன்னொரு பகுதி, தான் கொழுப்புங்கிறதையே மறந்துடுச்சு. அந்த மறதிக்குத்தான் இவ்வளவு பெரிய பேர். மறந்த பகுதி வேகமா வளரும். எவ்வளவு மறந்திருக்கு, எவ்வளவு வேகம்னு போடுற மார்க் கிரேடு. உங்களுது மூணு."

"மூணாவது ஸ்டேஜா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. எல்லாரும் இதுல குழம்புவாங்க. கிரேடுங்கிறது கட்டியோட குணம். ஸ்டேஜுங்கிறது அது எவ்வளவு பெரிசு, எங்கெல்லாம் போயிருக்குங்கிற கணக்கு. குணம் தெரிஞ்சிடுச்சு. போக்கு இன்னும் தெரியலை. இது பரவினா பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகும். அதனால இப்பவே நெஞ்சு ஸ்கேன் எடுத்துட்டுப் போங்க."

அப்பா வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெட்டி எடுக்கிறது எப்படி?"

டாக்டர் ஒரு வட்டம் போட்டார். அதைச் சுற்றி இன்னொரு பெரிய வட்டம்.

"கட்டியை மட்டும் எடுத்தா போதாது. சுத்தி நல்ல சதையும் சேர்த்து எடுக்கணும். இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கிறதுக்கு விளிம்புன்னு பேர். எடுத்ததும் வெளிப்பக்கம் பூரா சாயம் தடவி, மெல்லிசா சீவிப் பார்ப்பாங்க. கெட்ட செல் சாயத்தைத் தொடலைன்னா விளிம்பு சுத்தம்."

"தொட்டா?"

"உள்ளே மிச்சம் இருக்கலாம்னு அர்த்தம்."

வட்டத்தின் ஒரு பக்கம் ஒட்டினாற்போல டாக்டர் ஒரு கோடு இழுத்தார். அது எது என்று சொல்வதற்குள் அப்பா விரலை அங்கே வைத்தார்.

"இந்தப் பக்கம் விட்டு வெட்டத் துணி இல்லை."

டாக்டர் நிமிர்ந்தார். "ஆமா. அங்க காலோட பெரிய நரம்பு. அதனாலதான் முதல்ல கதிர் சிகிச்சை. வாரத்துக்கு அஞ்சு நாள், அஞ்சு வாரம். கொஞ்ச நாள் இடைவெளி விட்டு அறுவை. காலை எடுக்கிறது நோக்கம் இல்லை. காப்பாத்தத்தான் பார்க்கிறோம். நரம்பைத் தொட வேண்டி வந்தா பாதத்தைத் தூக்கக் கஷ்டமாகலாம்."

"நின்னு வெட்ட முடியுமா?"

"என்ன வெட்ட?"

"துணி."

"இப்ப என்னால சொல்ல முடியாது," என்றார் டாக்டர். கொஞ்சம் பொறுத்து, "எப்ப ஆரம்பிச்சது? அப்ப என்ன அளவு இருந்தது? குத்துமதிப்பா சொன்னா போதும்."

அப்பா சட்டைப்பைக்குள் கைவிட்டார். சின்ன நோட்டு. வீட்டுக்கு வந்து துணி கொடுப்பவர்களின் அளவெல்லாம் அதில்தான் இருக்கும். கடைசிப் பக்கத்தைத் திறந்து, கண்ணுக்கு மிக அருகில் பிடித்தார்.

"போன வருஷம் மூணாம் மாசம். தொடைச் சுற்று இருபத்தொண்ணு. வலது காலும் இருபத்தொண்ணு. நாலாம் மாசம் இருபத்தொண்ணேகால். அஞ்சு, அதே. ஆறு, இருபத்தொண்ணரை..." மாதம் மாதமாகப் படித்தார். "இந்த வருஷம் ரெண்டாம் மாசம் இருபத்திமூணரை. வலது கால் அதே இருபத்தொண்ணு. எல்லாம் அங்குலம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை," என்றார் டாக்டர். "நாளைக்குக் காலைல கதிர் டாக்டர், ஸ்கேன் டாக்டர் எல்லாரும் உட்கார்ந்து உங்களைப் பத்திப் பேசப்போறோம். அந்தப் பக்கத்தைக் கொடுங்க. நகல் எடுத்துக்கிறேன்."

அவர் கை நீட்டினார். அப்பா நோட்டை மூடினார்.

"நாளைக்குக் கொண்டு வர்றேன். அந்தப் பக்கத்தை மட்டும்."

பெரியவள் அதைக் கவனித்தாள். அம்மா கவனிக்கவில்லை. அம்மா வேறொன்றில் நின்றுவிட்டாள்.

"ஒரு வருஷமா? கொஞ்ச நாளாத்தான்னு என்கிட்ட சொன்னீங்க. டாக்டர், ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா?"

"சின்னதா இருந்திருக்கும். நரம்பை இப்படி ஒட்டாம இருந்திருக்கலாம். அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா. தெரியாததைச் சொல்லக்கூடாது."

"யாரு உங்ககிட்ட ஒண்ணுமில்லைன்னு சொன்னது?" அம்மா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். "யாரோ சொல்லியிருக்கணும். தானா ஒரு வருஷம் பேசாம இருக்கிற ஆளா நீங்க? முள்ளு குத்தினாலே ஊரைக் கூட்டுவீங்க."

"யாரும் சொல்லலை. நானாத்தான்."

"முனை மருந்துக்கடைக்காரன். அவன்கிட்டதானே களிம்பு வாங்கினீங்க? அந்த டப்பாவை நான் பார்த்தேன்."

அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

*

ஸ்கேன் அறைக்குள் சட்டை, பெல்ட், கைக்கடிகாரம் கூடாது. அப்பா எல்லாவற்றையும் பெரியவளிடம் கொடுத்துவிட்டு, பின்னால் முடிச்சுப் போடும் அங்கியில் உள்ளே போனார். அங்கியின் தோள் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

சட்டை மடியில் இருந்தது. பையில் நோட்டு. எடுத்துப் பிரித்தாள்.

இரண்டு கட்டம். இடதில் மாதமும் அளவும். வலதில் குறிப்பு. வாடிக்கையாளர் சொன்னதை எழுதிவைக்கும் கட்டம் அது. மற்ற பக்கங்களில் 'இடுப்பு தளர்வாக', 'வலது தோள் இறக்கம்' என்று இருக்கும்.

கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலி. மூன்று இடத்தில் மட்டும் எழுத்து.

இருபத்தொன்றுக்குப் பக்கத்தில்: பெரியவள் கொழுப்புக் கட்டி என்றாள்.

இருபத்திரண்டுக்குப் பக்கத்தில்: பெரியவள் அது அப்படித்தான் என்றாள்.

அவளுக்கு நினைவில்லை. கொஞ்சம் யோசித்தபின் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்த நாள். காதில் ஹெட்போன், வலது காலடியில் மிதி. மிதியை அழுத்தினால் டாக்டரின் குரல் ஓடும், விட்டால் நிற்கும். அப்பா கதவருகில் நின்று என்னவோ கேட்டார். வளர்கிற மாதிரி இருக்கே என்று கேட்டிருக்க வேண்டும். அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. வாய் மட்டும் பதில் சொன்னது.

இருபத்திமூன்றுக்குப் பக்கத்தில்: பெரியவளுக்கு வேலை. கேட்கவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாள் மேற்பார்வையாளர் சொன்னது ஒரே விதி. காதில் தெளிவாக விழாத சொல்லுக்குக் கோடு போட்டு விடு. ஊகிக்காதே. கோட்டுக்கு மார்க் குறையாது, ஊகத்துக்குக் குறையும். பத்து வருடத்தில் அவள் ஊகத்துக்காக ஒரு மார்க்கூட இழந்ததில்லை. அதற்கு ஒரு சான்றிதழ் வந்தது. அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

கைப்பேசி அதிர்ந்தது. தம்பி. லிஃப்ட் பழுது பார்ப்பவன். பின்னணியில் இரும்புச் சத்தம்.

"பாதி டாக்டரே, என்ன சொல்றாங்க? ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன். நல்லதா இருந்தா இப்ப சொல்லு, இல்லைன்னா இறங்கினதும் சொல்லு."

"இறங்கினதும் கூப்பிடு."

இரும்புச் சத்தம் நின்றது.

"சரி," என்றான். பிறகு, "நீ கூட இருக்கே. அதான் எனக்குத் தைரியம். நானும் அம்மாவும் இருந்தா ஒரு எழவும் புரிஞ்சிருக்காது."

அவள் நோட்டை மூடிப் பையில் வைத்தாள். எந்தப் பக்கம் வெளியே இருந்ததோ அதே பக்கமாக.

*

வீடு வந்தபோது மூன்று மணி. நெஞ்சு ஸ்கேன் முடிவு நாளைக்கு.

அம்மா செருப்பைக் கழற்றவில்லை. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தாள். காலுக்குத் தலையணை கொடுத்தாள். அலமாரியிலிருந்து களிம்பு டப்பாவை எடுத்துக் கைப்பையில் போட்டாள்.

"எங்கேம்மா?"

"மருந்துக்கடைக்கு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்."

"அம்மா, அவரு என்ன பண்ணாரு?"

"அவன் ஒண்ணுமில்லைன்னு சொல்லாம இந்த மனுஷன் ஒரு வருஷம் சும்மா இருந்திருப்பாரா? அவனுக்குப் படிப்பு இருக்கா? டாக்டரே தெரியாததைச் சொல்லக்கூடாதுங்கிறாங்க. இவனுக்கு என்ன அவ்வளவு கொழுப்பு?"

பெரியவள் வாசலை மறித்தாள். "அவரு இல்லம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு சொல் போதும். வாய்வரை வந்தது.

"விடு," என்றார் அப்பா நாற்காலியிலிருந்து. "போய்க் கத்திட்டு வரட்டும். யார்கிட்டயாவது கத்தணும்ல."

"கேட்டியா? அவரே சொல்லிட்டாரு," என்றாள் அம்மா. படியிறங்கும் சத்தம் கேட்டது. வேகமாக இரண்டு படி. பிறகு மெதுவாக.

பெரியவள் கதவைச் சாத்தினாள். அதிலேயே சாய்ந்து நின்றாள்.

"நோட்டைப் பார்த்தேன்பா."

"தெரியும். சட்டைப்பை பொத்தானைப் போட்டிருந்தே. நான் போடுறதில்லை."

"அந்த மனுஷன் பாவம். நான் அம்மாகிட்ட சொல்லிடறேன்."

"சொன்னா கட்டி சின்னதாயிடுமா?"

"அப்பா."

"அஞ்சு வாரம் தினம் ஆஸ்பத்திரி. அப்புறம் அறுவை. அவ உன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். சின்னவன் எப்பவும் அந்தரத்துல தொங்குறவன். அவளுக்கு வேற ஆள் கிடையாது. உன் மேல வர்ற கோபத்தை ஆறப்போட அவளுக்கு இப்ப நேரம் இல்லை."

"நான் சொன்னதாலதானே நீங்க ஒரு வருஷம்..."

"இங்க வா. உட்காரு."

அவள் உட்கார்ந்தாள். அப்பா தலையணையைச் சரிசெய்தார். வலித்தது போல. அல்லது நேரம் எடுத்துக்கொண்டார்.

"மூணாவது எழுதியிருக்கேனே, கேட்கவில்லைன்னு. ஏன் கேட்கலை? உனக்கு வேலைன்னு எழுதியிருக்கேன். அது பொய். கேட்டிருந்தா நீ திரும்பிப் பார்த்திருப்பே. பார்த்தா, போய்க் காட்டுங்கப்பான்னு சொல்லியிருப்பே. எனக்கு நம்பர் தெரியுது. மாசா மாசம் நான்தானே டேப்பைச் சுத்துறேன். முதல்ல நீ சொன்ன பதில் எனக்கு வசதியா இருந்தது. அதையே போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டேன்."

"அப்ப ஏன் அளந்தீங்க?"

அப்பா யோசித்தார்.

"அளக்காம இருக்கத் தெரியாது."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த மறுகணம் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா அவள் தலையில் கை வைக்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமில்லை. அவளுடைய சட்டைக் கழுத்தில் பிரிந்து நின்ற நூலை இரண்டு விரலால் பிடித்து அறுத்தார்.

"கத்தரியை எடு," என்றார்.

"எதுக்கு?"

"டாக்டருக்கு நம்பர் போதும்."

*

பெரிய கத்தரி. கம்பெனியில் சேர்ந்த வருடம் வாங்கியது. பிடியில் அவருடைய கட்டைவிரல் அச்சு இருந்தது. வேறு யாருக்கும் அது கையில் உட்காராது.

கடைசித் தாளை நோட்டிலிருந்து பிரித்தெடுத்தார். மேஜைமேல் வைத்து நீவினார். இடது கட்டம் மாதமும் அளவும். வலது கட்டம் குறிப்பு. நடுவே கோடு.

கோடு இருந்தது. எழுத்து அதற்கு அடங்கியிருக்கவில்லை. சில இடத்தில் அளவு கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போயிருந்தது. ஓரிடத்தில் குறிப்பு கோட்டைத் தாண்டி அளவுப் பக்கம் வந்திருந்தது. கால் அரை முக்கால் என்று பின்னம் சேர்ந்த இடத்தில் எல்லாம் நெருக்கம்.

அப்பா கத்தரியை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா?"

"இந்தப் பக்கம் சாய்ச்சா நம்பர் போயிடும். டாக்டருக்கு நம்பர் முக்கியம்."

"விட்டுடுங்கப்பா. முழுசாவே கொடுக்கலாம். நானே கொடுக்கிறேன்."

"சும்மா இரு."

அவர் வெட்டினார். ஒரே ஓட்டம். நின்றுதான் வெட்டினார், உட்கார்ந்து வெட்ட அவருக்கு வராது. உடம்பின் பாரம் முழுக்க வலது காலில் இருந்தது. மேஜை விளிம்பை இடது கையால் பிடித்திருந்தார். கத்தரி விலகியதா, தாள் நழுவியதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வலப்பக்கத் துண்டு தரையில் விழுந்தது. நீளமான நாடா. அவள் எடுத்து நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

படியில் சத்தம் கேட்டது. ஏறும்போது எல்லாப் படியும் மெதுவாகத்தான்.

அம்மா உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். களிம்பு டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் தீர்ந்துபோய் அந்த இடத்தில் எதுவும் வந்து சேராத முகம்.

"அவன் அழுதுட்டான்," என்றாள்.

அப்பா கத்தரியைத் தள்ளி வைத்தார்.

"கடையில ஆளுங்க நிக்கிறாங்க. நான் கத்துறேன். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. கடைசியில சொல்றான், 'அக்கா, அவரு கை வலின்னுதான் களிம்பு கேட்டாரு. கத்தரி பிடிச்சு வலிக்குதுன்னாரு. கால்னு சொல்லவே இல்லை'ன்னு. பிள்ளைங்க மேல ஆணையா சொல்றான். பொய் சொல்ற மூஞ்சி இல்லை அது." முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "ஒண்ணும் தெரியாதவனை நாலு பேர் முன்னாடி நிக்க வச்சுட்டு வந்திருக்கேன்."

பெரியவளின் உள்ளங்கையில் தாள் ஈரமாகிக்கொண்டிருந்தது.

"அது என்ன?" அம்மா மேஜையைப் பார்த்தாள். "டாக்டருக்குக் கொடுக்கிற தாளா? எதுக்கு வெட்டுனீங்க?"

"ஓரம் கிழிஞ்சிருந்தது," என்றார் அப்பா.

"கொடுங்க. ஒரு வருஷம் என்கிட்ட மறைச்சதை நானும் ஒரு தடவை பார்க்கிறேன்."

எழுந்து வந்தாள். அப்பாவின் கை தாளின்மேல் இருந்தது. அவள் அந்தக் கையை எடுத்துத் தள்ளவில்லை. அதன் அடியிலிருந்து தாளை மெல்ல உருவினாள். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள்.

விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்தாள். உதடு அசைந்தது. இருபத்தொன்று. இருபத்தொன்றேகால். ஓர் இடத்தில் உதடு நின்றது. மேலே போனாள். கீழே வந்தாள். மறுபடி அங்கேயே நின்றாள்.

அப்பா மேஜையைப் பிடித்தபடி நின்றிருந்தார். முப்பது வருடமாகப் பெரியவளுக்கு அவரைத் தெரியும். வெட்டிய ஓரத்தில் அவர் மிச்சம் விட்டு அவள் பார்த்ததில்லை.

அம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். அப்பாவை அல்ல.

"இருபத்திரண்டுக்குப் பக்கத்துல வெட்டுப்படாம 'பெரி'ன்னு நிக்குது. மீதி இல்லை." தாளைப் பெரியவளிடம் நீட்டினாள். "பாதி கிடைச்சாலே முழு வார்த்தையும் அடிக்கிறவ ஆச்சே நீ. இது என்ன வார்த்தை, சொல்லு."